ஆட்டுக்குப் பூட்டிய கோட்டை

கோடையில் எங்கள் பள்ளத்தாக்குக்கு வருகிறவர்கள் என் தபால் வண்டியைத்தான் கைகாட்டி நிறுத்துவார்கள். "அந்தக் கோட்டை வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். கிரேஷீல் பண்ணைக்கு மேலே, ஓடையைத் தாண்டி என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது அவர்கள் முகத்தில் பெரிய நிறைவு தெரியும். மூன்று முழக் கனமுள்ள சுவரைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். கதவுக்குப் பின்னால் குறுக்குக்கட்டை செருகும் குழிக்குள் கையை விட்டுப் பார்த்திருப்பார்கள். சுவரில் மாட்டியிருக்கும் பலகையையும் படித்திருப்பார்கள். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே இந்த மலை யாருக்கும் அடங்காமல் கிடந்த காலத்தில் கொள்ளைக் கூட்டங்கள் குதிரையில் வரும், மக்கள் ஆடு மாடுகளைக் கீழ்த்தளத்தில் அடைத்துவிட்டு மேலே ஏறி ஏணியை இழுத்துக்கொள்வார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது.

எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பலகையில் எல்ஸி ஹெட்லியின் பெயர் இல்லை. நானூறு வருடத்துக்கு முந்தைய மாட்டுத்திருடனுக்குப் படம் போட்டு மரியாதை செய்திருக்கிறார்கள். அதே வாசலில் நின்று கையைக் கிழித்துக்கொண்டவளுக்கு ஒரு வரி கிடையாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஆகவே நான் சொல்கிறேன்.

எல்ஸி பக்கத்து மலையில் கூலிக்கு ஆடு மேய்த்தவரின் நான்காவது பெண். ஜாக் ஹெட்லியைக் கட்டிக்கொண்டு கிரேஷீலுக்கு வந்தாள். பண்ணை எஸ்டேட்டுக்குச் சொந்தம். ஹெட்லிகள் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்காரர்கள். கல்யாணமாகிப் பத்து வருடம்கூட ஆகவில்லை, சரிவில் டிராக்டர் கவிழ்ந்து ஜாக் போய்விட்டான். பிள்ளை இல்லை. அடக்கம் முடிந்த கையோடு எஸ்டேட்டிலிருந்து ஒருவர் வந்து, ஒற்றைப் பொம்பளையால் மலைப்பண்ணையைக் கட்டி ஆள முடியுமா என்று இழுத்தாராம்.

"ஜாக் இருந்தப்ப மட்டும் யாரு ஆண்டான்னு நெனச்சீங்க?" என்று கேட்டாளாம் எல்ஸி.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அவள்தான் ஆண்டாள். ஜாக்கின் பழைய மேல்கோட்டை வைக்கோல் கட்டும் கயிற்றால் இடுப்பில் இறுக்கிக் கட்டியிருப்பாள். பாக்கெட்டில் புதினா மிட்டாய் இருக்கும், தனக்கு ஒன்று, மாஸ் என்ற நாய்க்கு ஒன்று. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் ஆம்பிளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, விலை கேட்கிறவனை அவன் பாட்டன் வரைக்கும் இழுத்துப் பேசுவாள். எனக்கு அவள் வைத்த பெயர் தபாலு. "வா தபாலு, எனக்கு வர்ற தபாலெல்லாம் உன் மூஞ்சி மாதிரியே இருக்குது, ஒண்ணுலயும் நல்ல சேதி இல்ல" என்று சொல்லித்தான் டீ ஊற்றுவாள். கூடவே இரும்புக்கல்லில் சுட்ட திராட்சை ரொட்டி, வெண்ணெய் தடவி. வாய் கசந்தாலும் கை இனிப்பு.

கிரேஷீலில் அவளுக்கு உயிர் என்றால் ஆடுதான். எங்கள் மலையில் வேலி கிடையாது. ஆனாலும் கிரேஷீல் ஆடு கிரேஷீல் மலையைத் தாண்டாது. எந்த ஊற்றில் குடிப்பது, எந்தப் பாறைக்கு அப்பால் அடுத்தவன் மலை, பனி கொட்டினால் எங்கே ஒதுங்குவது, எல்லாவற்றையும் தாய் குட்டிக்குக் காட்டும், அந்தக் குட்டி வளர்ந்து தன் குட்டிக்குக் காட்டும். அதனால்தான் இங்கே பண்ணை கைமாறினால் ஆடும் பண்ணையோடு சேர்ந்து கைமாறும். சந்தையில் வாங்கிய ஆட்டை மலையில் விட்டால் அது மறுநாளே எங்காவது போய்விடும். மலை தெரிந்த ஆட்டை எந்தக் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

பனி கொட்டினால் கிரேஷீல் ஆடுகள் ஒதுங்கும் இடம் அந்தக் கோட்டை வீடு. நாங்கள் அதைப் பாஸல் என்போம். மேல்மாடிக்குக் கூரை போய் நூறு வருடம் இருக்கும். கீழ்த்தளத்துக்குக் கல் வளைவுக் கூரை, அது அப்படியே இருக்கிறது. வானம் கறுத்தால் போதும், யாரும் ஓட்ட வேண்டாம், ஆடுகள் தாமாகவே வரிசை பிடித்து இறங்கி, அந்தக் குட்டை வாசலில் தலையைக் குனிந்து உள்ளே போய்விடும். கொள்ளைக்காரனுக்குப் பயந்து கட்டிய வீடு, கொள்ளைக்காரன் செத்த பிறகும் ஆட்டைக் காத்துக்கொண்டுதான் இருந்தது.

இதெல்லாம் ரால்ஃப் காக்ஸனுக்குத் தெரியாது என்றால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். தெரியாதவன் செய்தால் விட்டுத்தள்ளலாம். ரால்ஃப் ஓடைக்கு இந்தப் பக்கத்துப் பண்ணைப் பிள்ளை. அவன் அம்மா மார்ஜரி நெஞ்சுச் சளி முற்றி ஒரு குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவனை வைத்துச் சோறு போட்டது எல்ஸி. அத்தை, அத்தை என்று அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டு பனியில் ஆட்டுக்குப் பின்னால் திரிந்தவன். பாஸலுக்குள் ஆடுகளுக்கு நடுவே வைக்கோலில் தூங்கியவன். பிறகு படித்தான், எஸ்டேட் மேனேஜர் ஆனான், ஊரே பெருமைப்பட்டது, எல்ஸியும்தான்.

எஸ்டேட்டு முதலாளிக்குத் திடீரென்று பாஸல் மேல் ஆசை வந்தது. நாலு பேர் வந்து பார்க்கட்டும் என்றார். தரையைக் கழுவினார்கள், பலகை மாட்டினார்கள், கீழ் வாசலுக்கு இரும்புக் கம்பிக் கதவு போட்டார்கள்.

எல்ஸி ரால்ஃபைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா, கொள்ளைக்காரக் காக்ஸன் பரம்பர கதவை உடைச்சுக் கேட்டிருக்கேன், பூட்டி இப்பதான் பாக்குறேன்."

"அத்தை, சாவி உங்க வீட்டு ஆணியிலதான் தொங்கப்போவுது. அப்புறம் என்ன?"

முதல் குளிர்காலம் அப்படித்தான் போயிற்று. அடுத்த இலையுதிர்காலத்தில் ஒரு அம்மாள் வெள்ளைக் கால்சட்டையோடு வந்து ஆட்டுப் புழுக்கையில் வழுக்கி விழுந்துவிட்டாள். முதலாளியிடம் புகார் போயிற்று. உடனே பூட்டு மாறியது. புதுச் சாவி எஸ்டேட் ஆபீசில் இருக்கும் என்று சொல்ல ரால்ஃபே வந்தான். நான் அப்போது அடுப்படியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"பனி வந்தா ஒரு போன் பண்ணுங்க அத்தை. பத்து நிமிஷத்துல வந்து தொறந்துவிடுறேன்."

"ஆடு போன் பண்ணாதுடா."

"நீங்க பண்ணுவீங்கல்ல?" என்று அவன் சிரித்தான்.

எல்ஸி சிரிக்கவில்லை. "ஒரு ஆடு வாசல்ல நின்னுச்சுன்னா அது அங்கயே நிக்கும். வேற எடம் தேடிப் போவாது. உனக்கே தெரியும்" என்றாள்.

"தெரியும் அத்தை" என்றான் அவன். இந்தக் காதால் கேட்டேன்.

ஜனவரியில் ஒரு காலை, வடகிழக்கில் வானம் ஈயம் மாதிரி இருந்தது. ஆடுகள் மேல் மேட்டிலிருந்து இறங்கத் தொடங்குவதைப் பார்த்ததும் எல்ஸி போன் போட்டாள். அன்றைக்கு முதலாளி வீட்டில் வேட்டைக்கு வந்த விருந்தாளிகள். மதியச் சாப்பாட்டுக்கு ரால்ஃப் கூட இருந்தாக வேண்டுமாம். லேசாகத் தூறும் என்றுதான் ரேடியோவில் சொன்னார்கள், சாப்பாடு முடிந்ததும் வருகிறேன் என்றான். சாப்பாடு முடிவதற்குள் ரோடு மூடிவிட்டது. போன் கம்பியும் விழுந்துவிட்டது.

எல்ஸி சம்மட்டியை எடுத்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி, எதிரே கை தெரியாத பனியில் பாஸலுக்குப் போனாள். ஆடுகள் அவளுக்கு முன்னாலேயே வந்து வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றன. முன்னால் நின்றவை கம்பிக்கு இடையில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தன. அவள் பூட்டை அடித்தாள். கீலை அடித்தாள். அந்தக் கதவை ஈயம் காய்ச்சி ஊற்றிக் கல்லோடு பிடித்திருந்தார்கள். வேறு எதில் சிக்கனம் பார்த்தார்களோ, இதில் பார்க்கவில்லை. உள்ளங்கை கிழிந்து சம்மட்டிப் பிடி வழுக்கும் வரைக்கும் அடித்தாள். பிறகு ஆடுகளையாவது கீழே மரங்களுக்குள் ஓட்டிவிடலாம் என்று பார்த்தாள். கத்தினாள், தள்ளினாள், நாயை ஏவினாள். ஒன்றைத் தள்ளினால் இரண்டு திரும்பி வந்து வாசலில் நின்றன. அவற்றின் தாய் அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருந்தது. இருட்டிக்கொண்டு வரும்போது நாய் அவள் கோட்டைக் கவ்வி வீட்டுக்கு இழுத்து வந்தது.

மறுநாள் ரோட்டைத் திறந்ததும் நான், டிராக்டர்காரன் பெர்ட் ஃபென்விக், மார்ஜரி எல்லாரும் மண்வெட்டியோடு ஏறினோம். பாஸலின் ஒரு பக்கமே இல்லை, வெறும் பனிச் சரிவுதான். நீளக் கம்பால் குத்திக் குத்தி, நாய் மோந்து நின்ற இடங்களில் தோண்டினோம். ஓரத்தில் நின்றவை சில உயிரோடு வந்தன. நடுவில் நின்றவை நின்றபடியே செத்திருந்தன. மந்தையில் பாதிக்கு மேல் போய்விட்டது, அதிலும் மலை நன்றாகத் தெரிந்த கிழட்டு ஆடுகள்தான் முன்னால் நின்றவை. கம்பிக்கு நடுவில் மாட்டியிருந்த தலைகளை நானும் மார்ஜரியும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். கழுவித் துடைத்த தரை, ஒரு பொட்டு ஈரமில்லை. சுவரில் பலகை. இங்கே மக்கள் தங்கள் கால்நடைகளைப் பாதுகாத்தார்கள் என்று பெரிய எழுத்தில்.

ரால்ஃப் வரவில்லை. சாவியைப் பெர்ட்டிடம் கொடுத்தனுப்பியிருந்தான். பெர்ட் அதைப் போட்டுத் திருப்பினான். ஒரு நொடி வேலை. சாவகாசமாகத் திறந்துகொண்டது அந்தக் கதவு. எல்ஸி கட்டுப்போட்ட கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு பெர்ட் தயங்கித் தயங்கிச் சொன்னான். "எல்ஸி, வேலை முடிஞ்சதும் பூட்டிட்டு சாவியத் திருப்பிக் குடுத்துடச் சொன்னாரு."

"யாரு?"

பெர்ட் மார்ஜரியைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"பூட்டு" என்றாள் எல்ஸி. "அவன் சொன்னான்ல, பூட்டு."

அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் எல்லைப்புறத்தில் ஒரு பழைய சட்டம் உண்டு. பாஸல் பலகையிலும் வண்ணப் படத்தோடு போட்டிருக்கிறார்கள், வருகிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். கால்நடையைப் பறிகொடுத்தவன் ஆறு நாளுக்குள், எரிமண் கட்டியைக் கொளுத்தி ஈட்டி முனையில் குத்திக்கொண்டு, வெளிப்படையாகத் தடம் பிடித்துக் கிளம்பலாம். எரிமண் என்றால் சதுப்பில் வெட்டி உலர்த்தி, விறகுக்குப் பதில் நாங்கள் எரிப்பது. அந்த நெருப்போடு போகிறவன் வழியில் யாரைக் கூப்பிட்டாலும், கூப்பிட்டவர் கூடவே போக வேண்டும். போகாதவன் திருடனுக்குக் கூட்டாளி. இப்போது கோடைத் திருவிழாவில் பையன்கள் வேடிக்கைக்குக் குதிரையில் சுற்றுவதோடு சரி. சட்டமாக யாரும் நினைத்ததில்லை.

நாலைந்து நாள் கழித்து நான் தபாலோடு ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே ரோட்டில் எல்ஸி வந்துகொண்டிருந்தாள். தோளில் வைக்கோல் கவை, அதன் முனையில் எரிமண் கட்டி சிவப்பாகக் கனன்று புகைந்துகொண்டிருந்தது.

"தபாலு, வண்டியத் திருப்பு."

"எல்ஸி, எனக்குத் தபால் குடுக்கற வேலை கெடக்கு."

"அது கெடக்கட்டும். சட்டம் தெரியும்ல? கூப்பிடுறேன், வா."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. வண்டியைத் திருப்பினேன். அரசாங்கத் தபால் வண்டி ஒரு கிழவிக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்தது. பெர்ட் டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கினான், அவன் தம்பியும் வந்தான். ஓட்டல்காரர் மேலங்கியோடு வந்தார். "எங்க போறோம்?" என்று யாரும் கேட்கவில்லை. எரிமண் புகை எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

காக்ஸன் வீட்டு வாசலில் மார்ஜரி பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். எல்ஸி அவளைப் பார்த்ததும் கவையைத் தோளில் மாற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போகப் பார்த்தாள்.

"என்னக் கூப்பிடாமப் போறியா?" என்றாள் மார்ஜரி.

"உன் மகனப் பிடிக்கத்தான் போறேன் மார்ஜரி. நீ உள்ள போ."

"எதுக்க வர்றவங்களைக் கூப்பிடணும்கிறதுதான மொறை? அதுல காக்ஸனுக்கு மட்டும் விலக்கு உண்டா?"

"வேண்டாம்டி. பெத்த வயிறு."

"பெத்த வயிறுதான். அந்தத் தலைங்கள கம்பியிலேருந்து எடுத்ததும் இந்தக் கைதான். கூப்பிடு."

எல்ஸி அவள் பக்கம் திரும்பினாள். பிறகு, "வா" என்றாள். மார்ஜரி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்களோடு நடந்தாள்.

எஸ்டேட் ஆபீஸ் வாசலுக்கு ரால்ஃப் கையில் காபியோடு வந்தான். கூட்டத்தைப் பார்த்தான், நெருப்பைப் பார்த்தான், கடைசியில் அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா, நீயுமா?"

"கூப்பிட்டா. வரலைன்னா திருடனுக்குக் கூட்டாளின்னு அர்த்தமாம். நான் எந்தப் பக்கம் நிக்கட்டும், நீயே சொல்லு."

அவன் முகம் செத்துப்போயிற்று. "அத்தை, எனக்கு எவ்வளவு வருத்தம்னு உங்களுக்குத் தெரியாது. ராத்திரி தூக்கமே இல்ல. எஸ்டேட்டு ஒவ்வொரு ஆட்டுக்கும் நஷ்டஈடு..."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்குதுடா" என்றாள் எல்ஸி. "காசு எதுக்கு? மல தெரிஞ்ச ஆடு எந்தச் சந்தையில விக்குது, சொல்லு, போய் வாங்கியாறேன். உன்ன யாரோ வெளியூர்க்காரன்னு நெனச்சிருந்தா நான் வீட்டோட இருந்திருப்பேன். அந்த வைக்கோல்ல நீ தூங்கியிருக்க. ஆட்டு மேல சாஞ்சுதான்டா குளிருக்குத் தப்பிச்ச. அந்த வாசலப் பூட்ட உனக்குக் கை எப்படி வந்துச்சு?"

முதலாளியைக் கேட்க வேண்டும், அவர் ஊரில் இல்லை என்று ஏதோ முனகினான்.

"பூட்டறப்ப கேட்டாரா என்னைய? வா. உன் கையாலதான் மாட்டுன, உன் கையாலதான் கழட்டணும்."

மார்ஜரி அவன் கையிலிருந்த காபியை வாங்கித் திண்டில் வைத்தாள். அவன் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தான். கதவைக் கழற்ற அரை நாள் ஆயிற்று. ஈயத்தை உளி வைத்துத்தான் கொத்தி எடுக்க வேண்டியிருந்தது. யாரும் உதவவில்லை. எல்ஸி கவையைப் பனியில் குத்திவிட்டு, நெருப்பு அணையும் வரைக்கும் அங்கேயே நின்றாள்.

அன்று மாலை ஓட்டலில் நாங்கள் ஜெயித்துவிட்டதாகக் குடித்தோம். முதலாளி வந்து ஒரு குதி குதித்தார். ஊர் மொத்தமும் ஒரு பக்கம் நின்றதும் அடங்கிவிட்டார். அதோடு கதை முடிந்தது என்று நினைத்தது எங்கள் மடத்தனம்.

பிப்ரவரியில் மறுபடி வானம் கறுத்தது. மிஞ்சிய ஆடுகள் மேட்டிலிருந்து இறங்கின. பாஸல் வாசல் கதவில்லாமல் அகலத் திறந்திருந்தது, உள்ளே எல்ஸி வைக்கோல் பரப்பியிருந்தாள். ஆடுகள் வாசலுக்கு நாலு கல்லெறி தூரத்தில் வந்து நின்றுவிட்டன. பனி விழ ஆரம்பித்தது. அவை அசையவில்லை. எல்ஸி எத்தனையோ வருடமாகக் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டாள். தலையைத் தூக்கிப் பார்த்தன, ஒன்றும் வரவில்லை. போன மாதம் அந்த வாசலில் என்ன நடந்தது என்பதைத் தாய்கள் குட்டிகளுக்குச் சொல்லிவிட்டன.

ரால்ஃப் இந்த முறை யாரும் கூப்பிடாமலே வந்தான். நானும் பெர்ட்டும் ஆளுக்கொன்றாகக் கொம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். அவனும் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து உள்ளே தள்ளினான். கையை விட்டதும் அது அவனை இடித்துத் தள்ளிவிட்டு வெளியே பனிக்குள் ஓடியது.

"வர மாட்டேங்குதே அத்தை" என்றான். அழுகிற குரல்.

எல்ஸி வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தாள். கையில் இன்னும் புண் ஆறவில்லை.

"பூட்டுனது நீன்னு அதுங்களுக்கு எப்படிடா தெரியும்?" என்றாள். "அன்னைக்கு இந்த வாசல்ல நின்னு கத்துனது நானு. தள்ளுனது நானு. நாய ஏவுனது நானு. நான்தான் பூட்டுனேன்னு நெனச்சிட்டிருக்குதுங்க."

ரால்ஃப் அவளுக்கு முன்னால் பனியில் மண்டி போட்டுவிட்டான்.

"எந்திரி" என்றாள் எல்ஸி. "அங்க பாரு, குட்டிய வயித்துல வச்சுக்கிட்டு நிக்குதுங்க. போ, போய் ஒவ்வொண்ணா தூக்கிட்டு வா."